ஒளிக்கு வாய்க்கால் வெட்டிய வரலாறு



மலாக்காவில் மாசி மகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில். நேர்த்திக்கடன் செலுத்த வரும் காவடிகளில் மயிற்பீலி அசையும் காட்சியைக் காணாதவர் நம்முள் குறைவு. பீலியின் கண்ணில் நீலமும் பச்சையும் பொன்னிறமும் மாறி மாறி மின்னும். காவடி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு நிறம். மறுபக்கம் சாய்ந்தால் வேறொரு நிறம். உதிர்ந்து கிடக்கும் பீலி ஒன்றை எடுத்து அம்மியில் வைத்து நன்றாக அரைத்துப் பாருங்கள். நீலப் பொடி கிடைக்காது. கருமையும் பழுப்புமான தூளே மிஞ்சும். மஞ்சளை அரைத்தால் மஞ்சள் நிறம் போவதில்லை. மருதாணியை அரைத்தால் மருதாணியின் நிறமே நிற்கிறது. பீலியை அரைத்தால் மட்டும் அதன் நீலம் எங்கே போனது?

இந்த வினாவுக்கு விடை தேடிய வரலாறே இவ்வுரையின் பொருள். நீலம் என்பது பீலியில் பூசப்பட்ட ஒரு சாயம் அன்று. பீலிக்குள் மிக நுண்ணிய பொருள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் முறையே நீலமாக நமக்குத் தோன்றுகிறது. அரைத்தபோது பொருள் அழியவில்லை, ஒழுங்கு அழிந்தது. ஒழுங்கு அழிந்ததும் நிறம் போயிற்று. இந்த உண்மையைக் கைக்கொண்டு, ஒளி எந்த வழியே செல்ல வேண்டும், எந்த வழியே செல்லக் கூடாது என்று திட்டமிட்டுக் கட்டப்படும் பொருள்களையே இன்றைய அறிவியல் ஒளிப்படிகம் என்கிறது. உழவர் நீருக்கு வரப்பும் வாய்க்காலும் மதகும் அமைப்பதுபோல, அறிஞர்கள் ஒளிக்கு அமைத்தவை இவை.

இவ்வரலாறு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதில் பொய்யில்லை. ஆயினும் அதன் வேர்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஓர் அறிஞரிடம் செல்கிறது. மற்றொன்று மலாயாக் காட்டின் நிழலுக்குச் செல்கிறது. இன்னொன்று, நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்களைத் தொட்டுச் செல்கிறது. எல்லாவற்றையும் நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது என் நோக்கமன்று. அவர்கள் இதனை அறிந்திருக்கவில்லை. ஆனால் இந்த அறிவு பிறந்த பாதையின் ஓரத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். அதை அறிந்துகொள்ளும் உரிமை நம் மாணவர்களுக்கு உண்டு.

நிறமி இல்லாத நீலம்

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக், தாம் நுண்ணோக்கி வழியே கண்டவற்றைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். மயிற்பீலியும் அவற்றுள் ஒன்று. பீலியை நீரில் நனைத்தால் அதன் நிறங்கள் மறைகின்றன என்பதை அவர் கண்டு எழுதினார். சாயமாக இருந்தால் நீர் பட்டவுடன் மறைந்து, உலர்ந்ததும் மீளுமா? ஆகவே நிறத்திற்குக் காரணம் சாயமன்று, மெல்லிய அடுக்குகளே என்ற எண்ணம் அப்போதே அரும்பிற்று. 1704இல் வெளிவந்த நியூட்டனின் ஒளியியல் நூலும் பீலியின் நிறத்தைச் சோப்புக் குமிழியில் தோன்றும் நிறங்களோடு ஒப்பிட்டது.

அடுக்குகள் ஏன் நிறம் தருகின்றன என்பதற்குத் தெளிவான கணித விளக்கம் தந்தவர், பின்னாளில் 1904இல் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு. 1887ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, ஒரே சீரான இடைவெளியில் மாறி மாறி அமைந்த அடுக்குகளுக்குள் அலை நுழைந்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்தது.

அதனை நமக்குப் பழகிய ஒரு காட்சியால் விளக்கலாம். தேரை ஒருவர் இழுத்தால் அசையாது. நூறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தாலும் அசையாது. குரல் கொடுத்து அனைவரும் ஒரே நேரத்தில் வடம் பிடித்து இழுத்தால் நகரும். ஒளியும் அத்தகையதே. ஒவ்வோர் அடுக்கும் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பகுதியையே திருப்பி அனுப்புகிறது. அடுக்குகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக அமைந்துவிட்டால், திரும்பி வரும் சிறு அலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. அப்போது அந்த அலைநீளம் உள்ளே செல்லவே இயலாமல் முழுமையாகத் திரும்புகிறது. மற்ற அலைநீளங்கள் தடையின்றிச் செல்கின்றன. உள்ளே செல்ல இயலாத இந்த அலைநீளத் தொகுதியைத் தடைப்பட்டை என்று நாம் அழைக்கலாம்.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். எனவே, சில நூறு நானோமீட்டர் அளவில் ஒழுங்கு அமைந்த இடமெங்கும் ஒளி அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறது. மயிற்பீலியில் இந்த ஒழுங்கை ஆக்குபவை நிறமித் துகள்களாலான நுண்கோல்கள். அவை கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருப்பதையும், கட்டத்தின் இடைவெளி மாறுவதால் நீலமும் பச்சையும் மாறுவதையும் 2003ஆம் ஆண்டு சீன அறிஞர்கள் மின்னணு நுண்ணோக்கியால் காட்டினர். ஹூக் தொடங்கியது முடிய 338 ஆண்டுகள் ஆயின.

இராமன் கேட்ட வினா

இடைப்பட்ட காலத்தில் இந்த வினாவை விடாமல் பற்றியிருந்தவர்களுள் ஒருவர் சர் சி. வி. இராமன். 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த அவரை, 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமன் விளைவின் பெயரால் மட்டுமே நம் மாணவர்கள் அறிவர். 1921இல் கப்பலில் செல்கையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் வெறும் எதிரொளிப்பு அன்று என்று ஐயுற்றதே அந்த ஆய்வுக்கு வித்து என்பதும் பாடநூல்களில் உண்டு. ஆனால் பரிசு பெற்ற பின்னும் அவர் நிறத்தின் காரணத்தைத் தேடுவதை நிறுத்தவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1934இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவிய இராமன், அக்கழகம் வெளியிட்ட ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட பறவை, தமிழகத்து வயல்வெளிகளில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடை. அது பறக்கும்போது சிறகில் தோன்றும் நீலம் கண்ணைப் பறிக்கும். வானம் நீலமாக இருப்பதற்கான காரணமே இறகின் நீலத்திற்கும் காரணம் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அதாவது, ஒழுங்கற்றுக் கிடக்கும் நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. இராமன் ஒளி விழும் திசையை மாற்றி மாற்றிப் பார்த்தார்; நிறமும் மாறக் கண்டார். வெறும் சிதறலால் இவ்வாறு நேராது, அலைகள் ஒன்றோடொன்று சேரும் குறுக்கீட்டு விளைவு இதில் உண்டு என்று வாதிட்டார். பறவை இறகுகளின் நீலம் ஒழுங்கமைந்த நுண்கட்டமைப்பால் வருவதே என்பது 1998ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வினால் உறுதிப்பட்டது. அப்போது இராமன் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சிப்பிகளின் உட்புறப் பளபளப்பைப் பற்றியும் அவர் அதே காலத்தில் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1950களின் தொடக்கத்தில் டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து, ரேலி பிரபு முன்னர் ஆராய்ந்த பொட்டாசியம் குளோரேட்டுப் படிகங்களின் நிறத்தை மீண்டும் ஆராய்ந்தார். ஏ. ஜெயராமனோடு சேர்ந்து ஓப்பல் என்னும் மணியின் நிறத்தை ஆராய்ந்தார்.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ஓப்பலைப் பற்றி இராமன் சொன்ன விளக்கம் முழுவதும் சரியானதன்று. அதனுள் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை அவர் சரியாக உணர்ந்தார். ஆனால் சிலிக்காவின் இரு வடிவங்கள் தட்டையான அடுக்குகளாக மாறி மாறி அமைந்திருக்கின்றன என்று கருதினார். 1964இல் ஆஸ்திரேலிய அறிஞர் சாண்டர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது, அங்கே இருந்தவை அடுக்குகள் அல்ல. ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள், சந்தையில் ஆரஞ்சுப் பழங்களைக் குவித்து அடுக்குவதுபோல் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் உருண்டையின் விட்டமும் சில நூறு நானோமீட்டர். பேரறிஞரும் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கலாம். அதனால் அவர் சிறுமைப்படுவதில்லை. வினா சரியாக இருந்தால் அடுத்த தலைமுறை விடையைத் திருத்திக்கொள்ளும்.

வெள்ளைப் பாலும் போரும்

ஒரே அளவுள்ள உருண்டைகள் அடுக்கப்பட்டால் நிறம் பிறக்கிறது என்னும் இந்தச் செய்தி நம்மை மலாக்காவிற்கு அழைத்து வருகிறது.

சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் மரம் இந்நாட்டிற்கு ஏற்றது என்று சளைக்காமல் சொல்லி வந்தவர். மரம் பட்டுப்போகாமல் பட்டையில் சாய்வாகக் கோடு கீறிப் பால் எடுக்கும் முறையையும் வகுத்தவர். அவருடைய ஊக்கத்தால் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர் காஜா என மலாக்கா மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாகச் சென்று, பால் மரத்தில் கோடு கீறி, மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்துச் சுமந்தனர். ஒரு வகையில் பார்த்தால் அவர்கள் செய்ததும் ஓட்டத்தை நெறிப்படுத்தும் வேலையே. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்படும். மேலோட்டமாகச் சென்றால் பால் வராது. சாய்வு தவறினால் பால் மங்கில் விழாது.

அந்தப் பால் ஏன் வெண்மையாக இருக்கிறது? ரப்பர் என்னும் பொருளுக்கு வெண்மை நிறம் இல்லை. மெல்லிய தூய ரப்பர்ப் படலத்தின் வழியே ஒளி ஊடுருவும். பாலில் ரப்பர், மிக நுண்ணிய உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. அவ்வுருண்டைகளின் அளவு ஒரே சீரானதன்று. சில நானோமீட்டர்க் கணக்கில் இருபது, முப்பது. சில ஆயிரத்தையும் தாண்டும். அளவும் வேறு, இடைவெளியும் வேறு. ஆகவே எல்லா நிறமும் எல்லாத் திசையிலும் சிதறுகின்றன. எல்லா நிறமும் கலந்தால் வெண்மை. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கும் கூட்டம் இது. மங்கின் வெண்மை, ஒழுங்கின்மையின் நிறம்.

உருண்டைகள் எல்லாம் ஒரே அளவாக அமைந்தால் என்ன ஆகும்? இயற்கைப் பாலில் அது நேரவில்லை; செயற்கைப் பாலில் நேர்ந்தது. செயற்கைப் பால் பெருகியதற்குக் காரணம் போர்.

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. உலகின் ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவிலிருந்தே சென்று கொண்டிருந்தது. அந்த வழி ஒரே அடியாக அடைபட்டதும், அமெரிக்க அரசு பெருஞ்செலவில் செயற்கை ரப்பர்த் திட்டத்தை முடுக்கிவிட்டது. பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் ஒன்று சேர்ந்து, நீரில் நுண்துளிகளாக ரப்பரை வளர்க்கும் வேதியியலை ஆழமாக ஆராய்ந்தன. அதே நாள்களில் இங்கே தோட்டங்கள் முடங்கின. வேலையும் அரிசியும் இன்றித் தவித்த நம் மக்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாமிற்குக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண இரயில் பாதையில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல் கூட நம்மிடம் முழுமையாக இல்லை.

போருக்குப் பின், 1940களின் இறுதியில், டவ் கெமிக்கல் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆக்கிய பாலிஸ்டைரின் பாலில், உருண்டைகள் வியக்கத்தக்க வகையில் ஒரே அளவாக அமைந்திருப்பதை நுண்ணோக்கி அறிஞர்கள் கண்டனர். நுண்ணோக்கிகளுக்கு அளவுகோலாகவே அதனைப் பயன்படுத்தினர். 1954இல் ஆல்ஃப்ரி, வாண்டர்ஹாஃப் முதலியோர், இத்தகைய சீரளவுப் பால் ஓப்பலைப் போல் நிறங்களை வீசுவதை ஆராய்ந்து எழுதினர். பொருளில் சாயம் ஏதுமில்லை. உருண்டைகள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொண்டன, அவ்வளவே. மங்கில் வெண்மையாக இருந்த பாலுக்கு உறவான ஒரு பால், ஒழுங்கு பெற்றதும் வானவில்லாயிற்று.

போர் எனும் ஒரே நிகழ்ச்சியின் ஒரு கரையில் ஓர் அறிவியல் வளர்ந்தது. மறு கரையில் நம்மவர் மாண்டனர். இவ்விரண்டும் நம் பாடநூல்களில் வெவ்வேறு பாடங்களாகவே இருக்கின்றன. வரலாற்றாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரு நாளேனும் ஒரே வகுப்பில் நின்று இதனைச் சொல்ல வேண்டும்.

1987: இரண்டு கட்டுரைகள்

இதுவரை கண்டவை எல்லாம் இயற்கையிலோ தற்செயலாகவோ அமைந்த ஒழுங்குகள். ஒழுங்கை மனிதன் திட்டமிட்டு வரைந்து, ஒளியைத் தான் விரும்பியபடி நடத்தலாம் என்ற எண்ணம் 1987இல் பிறந்தது. அவ்வாண்டு ஒரே அமெரிக்க இயற்பியல் இதழில், மூன்று வார இடைவெளியில், இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் எலி யாப்ளோனோவிச். மற்றொன்றை எழுதியவர் சஜீவ் ஜான். கேரளத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர்.

இருவரும் தனித்தனியே, வெவ்வேறு வினாக்களிலிருந்து அங்கு வந்தனர். லேசர்க் கருவிகளில் பொருள்கள் தாமாகவே வீணாக ஒளியை உமிழ்வதை எப்படித் தடுப்பது என்று யாப்ளோனோவிச் கேட்டார். ஒழுங்கற்ற பொருளுக்குள் அலையைச் சிறைப்படுத்த முடியுமா என்று ஆராய்ந்து கொண்டிருந்த சஜீவ் ஜான், ஏறத்தாழ ஒழுங்கான ஓர் அமைப்பில் சிறிது ஒழுங்கின்மையைப் புகுத்தினால் ஒளியைச் சிறைப்படுத்தலாம் என்று காட்டினார். விடை ஒன்றாகவே இருந்தது. ரேலி பிரபு ஒரே திசையில் கண்ட தடைப்பட்டையை முப்பரிமாணத்திலும், எல்லாத் திசைகளுக்கும் அமைக்க வேண்டும் என்பதே அது.

இதற்கு அவர்களுக்கு வழிகாட்டியது குறைக்கடத்தி. சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அமைந்திருப்பதால், சில ஆற்றல் நிலைகளில் எலக்ட்ரான்கள் இருக்கவே முடியாது. அந்த இடைவெளியே கணினியின் அடிப்படை. தோட்டங்களைவிட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் 1970கள் முதல் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் சில்லுகளை உருவாக்கும் வேலைக்குச் சென்றனர். அவர்கள் கையாண்ட சில்லில் எலக்ட்ரானுக்கு இருந்த தடையையே, ஒளிக்கும் ஏற்படுத்தலாம் என்பது 1987இன் கண்டுபிடிப்பு.

எண்ணுவது எளிது, செய்வது அரிது. எந்த அமைப்பில் முழுமையான தடைப்பட்டை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. யாப்ளோனோவிச்சின் குழு பல அமைப்புகளைச் செய்து பார்த்துத் தோற்றது. ஓப்பலைப் போல் உருண்டைகளை அடுக்கிய அமைப்பில் தடை கிடைத்ததாக ஒரு கட்டத்தில் நம்பினர். அது முழுமையான தடையன்று என்று கணக்கீடுகள் காட்டின. 1990இல் ஹோ, சான், சூகுலிஸ் ஆகிய மூவர், வைரத்தில் அணுக்கள் அமைந்திருக்கும் முறையே ஏற்றது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். மறு ஆண்டு யாப்ளோனோவிச் குழுவினர், ஒரு திண்பொருளில் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று சாய்வான திசைகளில் துளையிட்டு, உலகின் முதல் முழுமையான ஒளிப்படிகத்தை ஆக்கினர். துளைகள் மில்லிமீட்டர் அளவின. ஆகவே அது கட்டுப்படுத்தியது கண்ணுக்குத் தெரியும் ஒளியை அன்று, மைக்ரோ அலையை. அலை எதுவாயினும் விதி ஒன்றே. அளவைச் சுருக்கினால் ஒளிக்கும் அது பொருந்தும்.

ஒளிப்படிகத்தில் ஒளி எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க, ரப்பர்த் தோட்டத்தைவிடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. மரங்கள் ஒரே இடைவெளியில் நிரை நிரையாக நிற்கின்றன. அந்தத் தோப்புக்குள் குறிப்பிட்ட ஓர் அலை நுழைய முடியாது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மரத்தை மட்டும் எடுத்துவிட்டால், அந்த வெற்றிடத்தில் அலை தங்கலாம்; ஆனால் வெளியேற வழியில்லை. அதுவே ஒளிக்குச் சிறை. ஒரு முழு நிரையை எடுத்துவிட்டால், அலை அந்த வழியே மட்டும் செல்லும். நிரை வளைந்தால் அலையும் வளையும். அதுவே ஒளிக்கு வாய்க்கால். திட்டமிட்டு விடப்படும் குறையே இங்குப் பயன் தருகிறது.

அதன் பின்னர் வளர்ச்சி விரைந்தது. 1996இல் பிரிட்டனில் பிலிப் ரஸ்ஸலின் குழு, நீளவாக்கில் நுண்துளைகள் ஒழுங்காக அமைந்த கண்ணாடி இழையை ஆக்கியது. 1999இல் நடுவே வெறும் காற்று இருக்க, அக்காற்றின் வழியே ஒளியைச் செலுத்தும் இழையும் வந்தது. இன்று நம் வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டு வரும் சாதாரண ஒளியிழையில் ஒளி கண்ணாடிக்குள் செல்கிறது. இதிலோ சுற்றியுள்ள ஒழுங்கே ஒளியைக் காற்றுக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

முன்னர்ச் சொன்ன சீரளவுச் செயற்கைப் பாலும் இங்கே திரும்பி வருகிறது. 1998இல் ஆம்ஸ்டர்டாமில், பாலிஸ்டைரின் உருண்டைகளை ஓப்பல்போல் அடுக்கி, இடைவெளிகளில் டைட்டானியம் ஆக்சைடை நிரப்பி, பின்னர் உருண்டைகளை எரித்து நீக்கினர். பால் அச்சாக நின்று, தான் மறைந்து, ஒளிப்படிகத்தை விட்டுச் சென்றது. மெழுகு உருக்கிச் சிலை வார்க்கும் நம் சிற்பிகளின் முறைக்கு இது நெருங்கிய உறவு. 2000ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர்களும் சஜீவ் ஜான் இடம்பெற்ற டொரொண்டோக் குழுவும் சிலிக்கா ஓப்பலை அச்சாகக் கொண்டு, தொலைத்தொடர்புக்குப் பயன்படும் அலைநீளத்திலேயே முழுமையான தடைப்பட்டை கொண்ட சிலிக்கான் படிகத்தை ஆக்கினர்.

காட்டின் நிழலில் ஒரு நீல இலை

ஆய்வுக்கூடங்கள் இவ்வாறு முன்னேற, மலாயாக் காடு தன் பங்குக்கு ஒரு சான்றை நெடுங்காலமாகவே ஏந்தி நின்றது. ஈர நிழலில், தோட்ட ஓரத்துக் காட்டில், ஓடைக் கரையில் படரும் ஒரு சிறு செடியை மலாய்க்காரர் பாக்கு மேராக் என்பர். மயில் பன்னம் என்று பொருள். செலாஜினெல்லா வில்டெனோவி என்பது அதன் அறிவியல் பெயர். வெயிலில் அதன் இலை பச்சை. நிழலில் மயிற்கழுத்து நீலம். நீரில் நனைந்தால் நீலம் மறையும், உலர்ந்தால் திரும்பும். ஹூக் மயிற்பீலியில் கண்ட அதே குறி.

1970களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ, லவுரி ஆகிய இருவர் இதனை ஆராய்ந்து, 1975இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். இலையின் மேற்பரப்பில் உள்ள மிக மெல்லிய படலங்களே நீலத்திற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. புகைப்படக் கருவியின் கண்ணாடியில் பூசப்படும் மெல்லிய பூச்சைப்போல், காட்டின் அடித்தளத்திற்கு வந்து சேரும் சிறிதளவு ஒளியை இலை வீணாக்காமல் பெற இது உதவலாம் என்றும் அவர்கள் கருதினர். அதன் பயன் குறித்து அறிஞரிடையே இன்றும் விவாதம் உண்டு.

மற்றொரு மலாயாச் செடிக்கு விடை இன்னும் தெளிவாகக் கிடைத்தது. பெகோனியா பவோனினா எனும் நீல இலைச் செடி நம் மலைக்காடுகளில் வளர்வது. அதற்கு மயிலின் பெயரால் அறிவியல் பெயர் சூட்டியவர், ரப்பர் மரத்தில் கோடு கீறக் கற்றுக்கொடுத்த அதே ரிட்லி. 2016இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹெதர் விட்னி முதலியோர், இதன் கலப்பினச் செடியின் இலையில் உள்ள பசுங்கணிகங்களை ஆராய்ந்தனர். ஒளிச்சேர்க்கை நிகழும் சவ்வுகள் அங்கே ஏனைய செடிகளில் இருப்பதுபோல் தாறுமாறாக இல்லை; ஒளிப்படிகம்போல் ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வொழுங்கு நீலத்தைத் திருப்பி அனுப்பி, காட்டின் நிழலில் எஞ்சியிருக்கும் பச்சை ஒளியை மிகுதியாகப் பற்றிக்கொள்கிறது; மங்கிய ஒளியில் ஒளிச்சேர்க்கையின் பயனை 5 முதல் 10 விழுக்காடு உயர்த்துகிறது என்று அவர்கள் கண்டனர். வெளிச்சம் மிகக் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாழும் செடிதான், கிடைத்த வெளிச்சத்தை ஒழுங்கால் பெருக்கிக்கொள்ளக் கற்றிருக்கிறது.

வகுப்பறைக்குள்

மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று இல்லை. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவற்றின் இடத்தில் நிற்கின்றன. தோட்டம் போனபின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பயிலும் மாணவர்களுக்கு ஒளிப்படிகம் என்பது எங்கோ தொலைவில், வேறு மொழியில், வேறு மக்கள் செய்யும் வேலையாகத் தோன்றக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பழைய குறுந்தட்டு ஒன்றைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்; 1,600 நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் அதன் வரிகள் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிப்பதைக் காண்பர். பாக்கு மேராக் இலையில் ஒரு சொட்டு நீர் விடச் சொல்லுங்கள். உதிர்ந்த பீலியை அரைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், மங்கில் சொட்டிய பாலின் கதையைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பால் ஏன் வெள்ளை, ஓப்பல் ஏன் வண்ணம் என்று கேளுங்கள். விடையை மாணவர் தமிழில் சொல்ல வேண்டும். தடைப்பட்டை, கட்டமைப்பு நிறம், ஒளிப்படிகம் என்னும் சொற்கள் அகராதியில் இருந்தால் மட்டும் போதாது. ஒரு பிள்ளை தான் கண்ணால் கண்டதை விளக்க அவற்றைப் பயன்படுத்தும்போதே அவை தமிழ்ச் சொற்களாகின்றன.

ஒரே பொருள், ஒழுங்கின்றிக் கிடந்தால் வெறும் வெண்மை. ஒழுங்கு பெற்றால் வானவில். ஹூக் முதல் இராமன் வரை, ரேலி முதல் சஜீவ் ஜான் வரை, அறிஞர் பலர் 350 ஆண்டுகளாகக் கற்றுத்தந்த பாடம் இதுவே. இனி வரும் பெயர்களுள் ஒன்று ஜாசினிலோ மெர்லிமாவிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து வருமாயின், விடியுமுன் எழுந்து இருளில் நிரைக்குச் சென்ற நம் முன்னோரின் உழைப்புக்கு அதைவிடத் தக்க நன்றி வேறில்லை.